அக்கம்பக்க மின் வணிகத்தில் கணக்கு உதைக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கூரைச் சோலாரின் உபரி மின்சாரத்தைத் தங்களுக்குள் விற்றும் வாங்கியும் கொள்ளும் வீடுகளின் குழு ஒன்றில், அளவீட்டுக் கருவிகளைக் கவனிக்கும் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். "செயலி தவறாகக் கணக்கிடுகிறது" என்றுதான் ஏறக்குறைய எல்லாப் புகார்களும் தொடங்கும். ஆனால் பிழை பெரும்பாலும் செயலியில் இருப்பதில்லை. மீட்டர் பெட்டிக்குள் தலைகீழாக மாட்டப்பட்ட ஒரு கிளாம்பிலோ (கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் உணரி), பின்தங்கிப்போன ஒரு கடிகாரத்திலோ இருக்கும். ஆகவே முதலில் கிளாம்ப், அடுத்து கடிகாரம், அதற்கடுத்து தகவல் இணைப்பு, கடைசியில் மென்பொருள் என்ற வரிசையில்தான் கீழே சொல்லப்பட்டுள்ள சோதனைகள் பெரும்பாலும் செல்கின்றன. உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியைத் தாண்ட வேண்டாம்.

தொடங்கும் முன்

மூன்று பொருள்கள் போதும். முதலாவது, அளவு தெரிந்த ஒரு சுமை: கம்பிச்சுருளால் சூடேறும் 1000 வாட் அளவிலான ஏதேனும் ஒரு சூடாக்கி. மோட்டார் உள்ள கருவிகளும் எல்.இ.டி. விளக்குகளும் இந்தச் சோதனைக்கு உதவா. அவற்றின் மின்காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பது) வேறாக இருப்பதால் முடிவு குழப்பும். சூடாக்கியின் மேல் எழுதப்பட்ட 1000 வாட் 230 வோல்ட்டுக்கு உரியது என்பதையும், வீட்டில் 220 வோல்ட் மட்டுமே வந்தால் அதே சூடாக்கி ஏறக்குறைய 915 வாட்டையே எடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கிளாம்பைக் கழற்றி மாற்றியவர்கள் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். இரண்டாவது, கையில் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர். மூன்றாவது, பயன்பாட்டு மீட்டரின் (மின்விநியோக நிறுவனத்தின் மீட்டர்) திரையில் தெரியும் இறக்குமதி (வீட்டுக்குள் வந்தது), ஏற்றுமதி (வெளியே போனது) எண்களை நேரத்துடன் எழுதி வைக்க ஒரு நோட்டு.

மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டருக்கு முன்னால் உள்ள கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சோலார் பக்கத்து நேர்மின்னோட்ட (டி.சி.) கம்பிகளிலும் வெயில் இருக்கும்வரை மின்னழுத்தம் இருக்கும். பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு மேல் கை வைக்க வேண்டியிருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். முத்திரையிட்ட மீட்டரை எவரும் தொடக்கூடாது. இரண்டாம்நிலை மின்னோட்டம் 5 ஆம்பியர் அல்லது 1 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட சி.டி.யின் (மின்னோட்ட மாற்றி) கம்பிகளை, முதன்மைக் கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது கழற்றவே கூடாது. திறந்த முனைகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் எழும்.

அறிகுறி 1: செயலியில் எல்லாம் பூஜ்யம், அல்லது தகவலே வரவில்லை

பூஜ்யம் என்று வருவதும் ஒன்றுமே வராமல் இருப்பதும் வெவ்வேறு பிழைகள்.

ஒன்றுமே வரவில்லை என்றால், கருவிக்கு மின்சாரம் இருக்கிறதா, ரௌட்டரின் கடவுச்சொல் அண்மையில் மாற்றப்பட்டதா என்பதைப் பாருங்கள். கண்காணிப்புக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். புதிய ரௌட்டர் வைத்த மறுநாளே கருவி காணாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரும்பு மீட்டர் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்து மூடிவிட்டால் சிக்னல் வெளியே வராது. மூடியைத் திறந்து வைத்தால் தகவல் வருகிறது, மூடினால் நிற்கிறது என்றால் வெளியே பொருத்தும் ஆன்டெனா ஒன்றே தீர்வு.

கருவி மீட்டருடன் ஆர்.எஸ். 485 என்ற தகவல் கம்பி வழியே, மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் பேசுவதாக இருந்தால், ஏ, பி கம்பிகள் இடம் மாறியுள்ளனவா, ஒரே தடத்தில் இரண்டு மீட்டர்களுக்கு ஒரே முகவரி தரப்பட்டுள்ளதா, வேகமும் பாரிட்டியும் (பிழை கண்டறியும் பிட் அமைப்பு) இரு பக்கமும் ஒன்றுதானா என்று இதே வரிசையில் பாருங்கள். நீண்ட தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இல்லாதபோது, தகவல் வந்து வந்து போகும்.

பூஜ்யம் என்று வருகிறது, ஆனால் சூடாக்கி ஓடுகிறது என்றால், கிளாம்ப் ஃபேஸ் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் சேர்த்துச் சுற்றியிருக்கலாம். எதிரெதிராகப் பாயும் இரண்டு மின்னோட்டங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் கருவிக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு கம்பி மட்டும் கிளாம்புக்குள் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், கிளாம்பின் செருகி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி 2: வெயில் ஏற ஏற வீட்டுப் பயன்பாடும் ஏறுகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். வணிகத்தில் பங்கேற்கும் வீட்டில் இதன் விளைவும் பெரிது, ஏனெனில் விற்க வேண்டிய வீடு வாங்கும் வீடாகப் பதிவாகிறது.

செயலி வீட்டுப் பயன்பாட்டை நேரடியாக அளப்பதில்லை. சோலார் உற்பத்தியுடன் மின்கட்டமைப்பு இறக்குமதியைக் கூட்டியே அதைப் பெறுகிறது. சோலார் 3 கிலோவாட், உண்மைப் பயன்பாடு 1 கிலோவாட் என்றால், 2 கிலோவாட் வெளியே செல்கிறது. கருவி அதை −2 என்று படித்தால் கூட்டல் 1 ஆகிறது. அதையே +2 என்று படித்தால் பயன்பாடு 5 கிலோவாட் என்று திரையில் தெரியும்.

இரவில் என்ன காட்டுகிறது என்பதைப் பொறுத்து இங்கே வழி பிரிகிறது.

இரவில் வீடு "ஏற்றுமதி" செய்வதாகக் காட்டினால்: மின்கட்டமைப்புப் பக்கத்துக் கிளாம்ப் தலைகீழாக மாட்டப்பட்டுள்ளது. கிளாம்பின் உடலில் உள்ள அம்புக்குறி எத்திசை நோக்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறுவதால், கையேட்டைப் பார்த்தே திருப்ப வேண்டும். சில கருவிகளில் அமைப்புகளுக்குள் சென்று குறியை மட்டும் மாற்றிவிடலாம். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்து மீண்டும் தலைகீழாக்கிக்கொள்ளாதீர்கள்.

இரவில் எல்லாம் சரி, பகலில் மட்டும் தவறு என்றால்: கருவிக்கு மின்னழுத்த இணைப்பே இல்லாமல் இருக்கலாம். மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் மலிவான கருவிகளுக்குத் திசை தெரியாது; உள்ளே வருவதும் வெளியே போவதும் அவற்றுக்கு ஒரே நேர்ம எண்தான். அவை 230 வோல்ட், மின்காரணி 1 என்று தாமாகவே வைத்துக்கொள்வதால், மோட்டார் ஓடும்போதும் அளவு கூடுதலாகவே வரும். இதற்குப் பழுதுநீக்கம் எதுவும் இல்லை. வணிகத்தில் கலந்துகொள்ளும் வீட்டுக்கு மின்னழுத்தத்தையும் அளக்கும் கருவி தேவை.

பயன்பாடு கூடுவதற்கு மாறாக, பகலில் பூஜ்யத்துக்குக் கீழே போனால்: சோலார் பக்கத்துக் கிளாம்ப்தான் தலைகீழ். மேலே சொன்ன அதே வீட்டில் −3 உடன் −2 சேர்ந்து −5 என்று வரும்.

பயன்பாடு சோலாரின் அளவுக்கு அப்படியே கூடுகிறது, ஏற்றுமதி மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை என்றால்: கிளாம்ப் தவறான இடத்தில் உள்ளது. சோலார் இணையும் இடத்துக்கும் மீட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய அது, வீட்டுச் சுமைகளுக்குச் செல்லும் கம்பியில் மாட்டப்பட்டுள்ளது. இதை மாற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும், ஏனெனில் மெயின் கம்பியருகே கை வைக்க வேண்டியிருக்கும்.

மூன்று ஃபேஸ் வீடு என்றால்: மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல் எண்கள் அரைகுறையாக வந்தால், கிளாம்பும் மின்னழுத்தக் கம்பியும் வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ளனவா என்று ஐயப்பட வேண்டும். ஃபேஸ்களுக்கிடையே 120 பாகைக் கோணம் இருப்பதால், சூடாக்கியின் 1000 வாட் அங்கே −500 என்று தெரியும். சோதனை எளிது. மற்றவற்றை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபேஸிலும் மாற்றி மாற்றிச் சூடாக்கியைச் செருகி, கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். +1000 வந்தால் அந்த ஃபேஸ் சரி; −1000 வந்தால் கிளாம்ப் மட்டும் தலைகீழ்; −500 வந்தால் ஃபேஸ் மாறியுள்ளது; +500 வந்தால் ஃபேஸும் மாறி, கிளாம்பும் தலைகீழாகியுள்ளது. இந்தக் கடைசி நிலைதான் மிகவும் ஏமாற்றுவது. எண் நேர்மமாக இருப்பதால் எவருக்கும் ஐயம் எழாது; பாதி அளவுடன் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

அறிகுறி 3: அளவு எப்போதும் ஒரே விகிதத்தில் கூடுதல் அல்லது குறைவு

ஒரு வார மீட்டர் எண்ணையும் அதே வாரத்துச் செயலி எண்ணையும் வகுத்துப் பாருங்கள். வருகின்ற விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

2 அல்லது 0.5 என்றால், 100 ஆம்பியர் கிளாம்பை 200 என்று, அல்லது 200-ஐ 100 என்று அமைப்பில் பதிந்திருக்கிறார்கள். கம்பியைக் கிளாம்புக்குள் இரண்டு முறை சுற்றி எடுத்திருந்தாலும் அளவு இரட்டிப்பாகும். 3.2 அல்லது அதன் தலைகீழ் என்றால், மீட்டரின் மினுக்கு விளக்கை எண்ணும் வகைக் கருவியில், யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்பதை 1000 என்றோ, 1000 என்பதை 3200 என்றோ தவறாகக் கொடுத்துள்ளனர்; சரியான எண் மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மினுக்கு எண்ணும் கருவிகளில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. வெயில் நேராக உணரியின்மேல் விழுந்தால் இல்லாத மினுக்குகளும் எண்ணப்படும். கறுப்பு நாடா ஒட்டினால் தீரும். ஏற்றுமதியின்போதும் அதே விளக்கு மினுக்கும் மீட்டர்களில், இந்த வகைக் கருவியால் வாங்கியதையும் விற்றதையும் பிரிக்கவே முடியாது. அதை வணிகக் கணக்குக்குப் பயன்படுத்தாதீர்கள்.

விகிதம் நிலையாக இல்லாமல் 5 முதல் 20 சதவீதம் வரை குறைந்து குறைந்து வந்தால், கிளாம்ப் முழுவதும் மூடவில்லை என்று பொருள். கிளாம்பின் இரு பாதிகளும் ஒட்டும் ஃபெரைட் (காந்தப் பொருள்) முகங்களுக்கு இடையே தூசியோ, சிக்கிய கம்பி உறையோ விடும் மெல்லிய இடைவெளியே அளவைக் குறைத்துவிடும். மெல்லிய துணியால் துடைத்து, "க்ளிக்" ஓசை கேட்கும்வரை மூடினால் போதும்.

இரவில் சிறிய சுமைகள் மட்டும் ஓடும்போது தவறாகவும், பகலில் சரியாகவும் வந்தால், கிளாம்ப் தேவைக்கு மீறிப் பெரியது. 200 ஆம்பியருக்கான கிளாம்ப் அரை ஆம்பியரை அளக்கும்போது, அது சொல்வது அளவைவிட ஊகத்துக்கே அருகில் இருக்கும்.

துல்லிய வகுப்பு 1 என்று குறிக்கப்பட்ட மீட்டரின் பிழை வரம்பே ±1 சதவீதம். அதனுடன் கிளாம்பின் பிழையும் சேரும். ஆகவே இரண்டு மூன்று சதவீத வேறுபாட்டைத் துரத்துவதில் பொருளில்லை. அந்த வேறுபாட்டுக்காக இரு வீட்டார் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதைப் பார்த்த பிறகு, எங்கள் குழுவில் பணக்கணக்கைப் பயன்பாட்டு மீட்டரின் எண்ணை வைத்து மட்டுமே தீர்ப்பது என்றும், கிளாம்ப் கருவி கண்காணிப்புக்கு மட்டுமே என்றும் முடிவு செய்தோம்.

அறிகுறி 4: நம்ப முடியாத உச்சம் திடீரெனத் தோன்றுகிறது

முதலில் அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். 230 வோல்ட்டில் 63 ஆம்பியர் பிரேக்கர் உள்ள ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள் ஏறக்குறைய 14.5 கிலோவாட்டுக்கு மேல் நீடித்து வராது. கணக்கு 15 நிமிடக் கட்டங்களாக எழுதப்பட்டால், ஒரு கட்டத்துக்கு 3.6 யூனிட். ஒரே கட்டத்தில் 12 யூனிட் என்று இருந்தால் அது 48 கிலோவாட்டுக்குச் சமம். அப்படி ஒன்று நடந்திருக்க வழியில்லை.

உச்சத்துக்கு முன்னால் சில மணிநேர வெற்றிடம் இருந்தால், இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்த நேரத்து மொத்தமும் ஒரே கட்டத்தில் கொட்டப்பட்டுள்ளது. கருவி கூடிக்கொண்டே போகும் யூனிட் எண்ணை அனுப்பும் வகை என்றால் மொத்தம் காப்பாற்றப்பட்டுவிட்டது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பது மட்டும் தொலைந்தது. நொடி நொடியாக வாட் அளவை மட்டும் அனுப்பும் வகை என்றால் அந்த நேரத்துத் தகவல் திரும்பாது. அத்தகைய கட்டங்களைச் சம அளவில் பங்கிடுவதா, மீட்டர் நிறுவனத்தின் பதிவைக் கேட்டுப் பெறுவதா என்பதைக் குழு முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வெற்றிடம் இல்லாமல் உச்சம் வந்தால், கருவியின் எண்ணி (கவுண்டர்) தன் உச்ச எண்ணைத் தாண்டிப் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கலாம். 16 பிட் எண்ணி 65,535-க்குப் பிறகு பூஜ்யத்துக்கு வரும். மீட்டரை மாற்றிய நாளிலும் இதே காட்சிதான். எல்லா எண்களுமே தொடக்கம் முதல் அபத்தமாக இருந்தால், மாட்பஸ் பதிவேட்டின் இரண்டு பாதிகளும் வரிசை மாற்றிப் படிக்கப்படுகின்றன. அமைப்பில் வரிசையைத் திருப்பினால் சரியாகும். பல ஆண்டுகள் ஓடிய மீட்டரில், யூனிட் வளைகோடு வழுவழுப்பாக இல்லாமல் படிப்படியாகத் தாவினால், 32 பிட் தசம எண்ணின் துல்லியம் தீர்ந்துவிட்டது: வாட் மணிக் கணக்கில் 1,67,77,216-ஐத் தாண்டிய பிறகு அந்த வடிவத்தால் ஒற்றை எண்களை வேறுபடுத்த முடியாது. முழு எண் பதிவேட்டைப் படிக்குமாறு மாற்றுவதே இதற்குத் தீர்வு.

அறிகுறி 5: மாத மொத்தம் சரி, அண்டை வீட்டுக்கு விற்ற யூனிட் மட்டும் குறைகிறது

கிளாம்புகள் நன்றாக இருந்தும் சண்டை வருவது இங்கேதான். உள்ளூர் வணிகத்தில் மொத்தம் எவ்வளவு என்பது போதாது. ஒரே கட்டத்தில் ஒருவர் விற்கவும் மற்றவர் வாங்கவும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் வாலன்ஷ்டாட் ஊரில் 2019-இல் 37 வீடுகளுடன் தொடங்கிய சோதனைச் சந்தையிலும், ஏலம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தது. இரு வீடுகளின் கடிகாரங்கள் ஒரு கட்டம் விலகினால்கூட, பொருந்த வேண்டிய யூனிட்டுகள் பொருந்தாமல் போகும். மாத மொத்தமோ துளியும் மாறாது.

நேர மண்டலம். மேகமற்ற நாளின் சோலார் வளைகோட்டைப் பாருங்கள். உச்சி நண்பகலை ஒட்டி இல்லாமல் காலை 6.30 மணியளவில் இருந்தால், யு.டி.சி. (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரமாகக் கொள்ளப்பட்டுள்ளது. அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் உள்ள பகுதியில் சரியாக இவ்வளவு விலகும். கோடைகாலத்தில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில், ஆண்டில் ஒரு நாளில் 92 கட்டங்களும் வேறொரு நாளில் 100 கட்டங்களும் வரும். அந்த இரண்டு நாள்களில் மட்டும் கணக்கு உதைத்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்.

தொடக்கமா, முடிவா. ஒரு மென்பொருளுக்கு "10.00" என்பது 10.00 முதல் 10.15 வரை, இன்னொன்றுக்கு அது 9.45 முதல் 10.00 வரை. இதைக் கண்டுபிடிக்கச் சூடாக்கியே போதும். வீட்டில் வேறு சுமைகள் அமைதியாக இருக்கும் இரவு நேரத்தில், சரியாகக் கட்டம் தொடங்கும்போது இயக்கி, கட்டம் முடியும்போது அணையுங்கள். 0.25 யூனிட் உயர்வு எந்தப் பெயருள்ள கட்டத்தில் ஏறியிருக்கிறது என்று இரு பதிவுகளிலும் பாருங்கள். உயர்வு இரண்டு அடுத்தடுத்த கட்டங்களில் பிரிந்து கிடந்தால், பெயரிடுவதில் பிழை இல்லை, கருவியின் கடிகாரமே விலகியுள்ளது. நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்துகொள்ளாத கருவியில், 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்கு ஏறக்குறைய 50 வினாடி விலகும். ஓராண்டில் பத்து நிமிடம்.

கழித்தலின் இடம். நேரம் சரியாக இருந்தும் ஏற்றுமதி எண் மட்டும் வேறுபட்டால், மூன்று ஃபேஸ் வீடுகளில் இதைப் பாருங்கள். ஒரு ஃபேஸில் 3 கிலோவாட் வெளியே போக, மற்ற இரண்டிலும் தலா 1 கிலோவாட் உள்ளே வந்தால், சில மீட்டர்கள் மூன்றையும் சேர்த்து "ஏற்றுமதி 1" என்று பதியும்; சில கருவிகள் "ஏற்றுமதி 3, இறக்குமதி 2" என்று தனித்தனியே பதியும். நொடிக்கு நொடி பிரித்து எழுதும் கருவிக்கும் 15 நிமிட முடிவில் கழித்து எழுதும் மென்பொருளுக்கும் இடையிலும் இதே வேறுபாடு எழும். அடையாளம் எளிது: இரு பதிவுகளிலும் ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழியுங்கள். மீதி ஒன்றே என்றால் எதுவும் பழுதாகவில்லை, கணக்கிடும் முறைதான் வேறு. எந்த முறை செல்லும் என்பதை மின்விநியோக நிறுவனத்தின் விதியே தீர்மானிக்கும். கருவியை மாற்றிப் பயனில்லை. மீதியும் வேறு என்றால் அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 6: உபரி இருக்கிறது, வாங்குவோர் இல்லை

இது பெரும்பாலும் பழுதே அல்ல. ஒரே தெருவில் எல்லாக் கூரைகளிலும் சோலார் இருந்தால், நண்பகலில் எல்லோரிடமும் உபரி இருக்கும். மாலையில் எல்லோருக்கும் தேவை இருக்கும். அந்தக் கட்டத்தில் குழுவின் மொத்த நுகர்வை முதலில் பாருங்கள். அதுவே பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

நுகர்வு இருந்தும் பொருந்தவில்லை என்றால், உங்கள் விற்பனை விலை வாங்குவோர் வைத்துள்ள மேல் வரம்பைத் தாண்டியுள்ளதா என்று பாருங்கள். மின்கட்டமைப்பிலிருந்து வாங்கும் விலையைவிட உயர்ந்த விலையில் எவரும் அண்டை வீட்டாரிடம் வாங்க மாட்டார்கள். அடுத்து, முந்தைய கட்டங்களில் தகவல் இடைவெளி விழுந்ததால் மென்பொருள் உங்கள் மீட்டரை "சரிபார்க்கப்படாதது" என்று ஒதுக்கி வைத்துள்ளதா என்பதைப் பாருங்கள். முன்கூட்டியே விலைப்புள்ளி கேட்கும் சந்தையாக இருந்தால், அதை ஏற்கும் கடைசி நேரத்துக்குப் பின் உங்கள் விலைப்புள்ளி போய்ச் சேர்கிறதா என்பதும் முக்கியம். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே மென்பொருள் நடத்துபவருக்கு எழுதுங்கள்; எழுதும்போது ஒரே ஒரு கட்டத்தை எடுத்து, அதன் நேரம், மீட்டர் எண், நீங்கள் கேட்ட விலை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். "விற்கவே மாட்டேன் என்கிறது" என்று எழுதினால் பதில் வராது.

அறிகுறி 7: நல்ல வெயிலில் விற்பனை நின்று நின்று போகிறது

வெயில் உச்சத்தில் உற்பத்திக் கோடு பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தால், இன்வெர்ட்டரின் (சோலாரின் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். அங்கே மிகை மின்னழுத்தம் என்ற குறிப்பு இருக்கும். 230 வோல்ட் அமைப்புகளில் பல நாடுகளின் விதிகள் 10 சதவீத உயர்வை, அதாவது 253 வோல்ட்டை, எல்லையாக வைத்துள்ளன. அண்டை வீடுகள் எல்லாம் ஒருசேர உபரியை வெளியேற்றும்போது தெருக் கம்பியின் மின்னழுத்தம் உயர்ந்து, இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

இந்தக் குறிப்பு இல்லாமல், கோடு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தட்டையாக நின்றால், இன்வெர்ட்டரில் ஏற்றுமதி வரம்பு வைக்கப்பட்டிருக்கலாம். குழுவில் சேரும் முன் "ஏற்றுமதி பூஜ்யம்" என்று நிறுவிய வீடுகளில் இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். வரம்பை உயர்த்துவதற்கு முன் மின்விநியோக நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

மிகை மின்னழுத்தம்தான் என்றால், நண்பகலில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களின் மின்னழுத்தம் வேண்டும்: இன்வெர்ட்டரின் திரை காட்டுவது ஒன்று, மீட்டரின் திரையோ மீட்டரருகே உள்ள கருவியோ காட்டுவது இன்னொன்று.

இன்வெர்ட்டரில் 253, மீட்டரில் 247 என்றால், குற்றம் வீட்டுக்குள் உள்ள கம்பியில். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் தொலைவுக்கு ஓடினால், போக வர அதன் தடை ஏறக்குறைய 0.28 ஓம், 5 கிலோவாட் அனுப்பும்போது 6 வோல்ட் அதிலேயே ஏறிவிடும். 10 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் உயர்வு இரண்டரை வோல்ட் அளவுக்குக் குறையும். அதற்கு முன் இணைப்புத் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். திருகை இறுக்குவதற்குச் செலவு இல்லை, கம்பி மாற்றுவதற்கு உண்டு.

இரண்டு இடங்களிலும் 250-ஐ ஒட்டியே இருந்தால், காரணம் தெருவில் உள்ளது. நண்பகலில் பேட்டரிகளை நிரப்புவது, தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் வண்டி சார்ஜ் ஏற்றுவதையும் அந்த நேரத்துக்கு மாற்றுவது என்று குழுவே சிலவற்றைச் செய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு வார மின்னழுத்தப் பதிவுடன் மின்விநியோக நிறுவனத்திடம் செல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வெளிவரும் மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் இணைப்பு) மாற்ற அவர்களால் மட்டுமே முடியும். இன்வெர்ட்டரில் நாட்டுக் குறியீட்டை மாற்றி எல்லையை உயர்த்தித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக் கோடு சீராகும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எரியும்.

ஒரு ஃபேஸில் மின்னழுத்தம் உயர, அதே நேரத்தில் மற்றொன்றில் தாழ்ந்தால், அல்லது சூரியன் இல்லாத இரவிலும் விளக்குகளில் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், அது நியூட்ரல் துண்டிப்பின் அடையாளம். உடனே மெயினை அணைத்துவிட்டு அவசர எண்ணை அழையுங்கள். பதிவு எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அறிகுறி 8: பேட்டரி நிறைவதும் வடிவதுமாக அலைகிறது

ஒரே வீட்டில் இரண்டு பேட்டரிகள் தனித்தனிக் கிளாம்புகளுடன் இருந்தால், ஒன்று வடிப்பதை மற்றொன்று உபரி என்று எண்ணி உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றின் எதிர்வினை நேரத்தை மெதுவாக்கினால் அலைச்சல் குறையும். ஒரே கட்டுப்பாட்டுக் கருவியின் கீழ் இரண்டையும் கொண்டுவந்தால் நிற்கும். ஒரே பேட்டரி என்றால், இன்வெர்ட்டரின் கிளாம்பும் வணிகக் கருவியின் கட்டளையும் முரண்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வணிகக் கட்டளையை நிறுத்தி வைத்தாலே தெரிந்துவிடும்.

அறிகுறி 9: வீடுகளின் கூட்டுத்தொகை பொது மீட்டருடன் ஒத்துப்போகவில்லை

கட்டம் வாரியாக எல்லா வீடுகளின் இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, வரும் எண்ணைக் குழு முழுவதற்குமான பொது மீட்டரிலிருந்து கழித்து, மீதியை ஒரு வாரத்துக்கு வரைந்து பாருங்கள். வேறுபாடு எவ்வளவு என்பதைவிட, அது எப்போது எழுகிறது என்பதே காரணத்தைக் காட்டும்.

இருபத்து நான்கு மணிநேரமும் ஒரே அளவில் நின்றால், அளக்கப்படாத சுமை ஒன்று உள்ளது: பொது விளக்கு, நீரேற்றும் மோட்டார், தகவல் பெட்டியே எடுக்கும் மின்சாரம். மாலை முதல் காலை வரை மட்டும் என்றால் விளக்கு. வெயில் நேரத்தில் மட்டும் எழுந்து அடங்கினால், ஏதோ ஒரு வீட்டில் திசை தெரியாத கருவி ஏற்றுமதியை இறக்குமதியாக எண்ணுகிறது. அந்த வீட்டின் ஏற்றுமதியைப் போல இரண்டு மடங்கு வேறுபாடு இருக்கும், ஏனெனில் கழிக்க வேண்டியது கூட்டப்பட்டுள்ளது. வேறுபாட்டைப் பாதியாக்கி, அதே வடிவமுள்ள வீட்டைத் தேடினால் அகப்படும். மொத்தச் சுமையுடன் நேர்விகிதத்தில் ஏறி இறங்கினால், பெருக்கு எண் பிழை; அறிகுறி 3-ஐப் பாருங்கள்.

சுமை இரட்டித்தால் வேறுபாடு நான்கு மடங்காகிறது என்றால், அது கம்பியிலும் இணைப்புகளிலும் வெப்பமாகப் போகும் இழப்பு. ஓரளவு இழப்பு எப்போதும் இருக்கும். அதைக் குழு பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முன்பு இல்லாத இழப்பு சில வாரங்களில் வளர்ந்து வந்தால், எங்கோ ஓர் இணைப்பு சூடேறிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளின் அருகே கருகிய வாடையோ, கம்பி உறையின் நிற மாற்றமோ தெரிந்தால் எதையும் திறக்காமல், சுமையைக் குறைத்துவிட்டு, வெப்பப் படக் கருவி வைத்திருக்கும் மின்பணியாளரை அன்றைக்கே வரவழையுங்கள். பொது மீட்டருக்கு அப்பால் உள்ள கம்பி என்றால், அது மின்விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் வேறுபாட்டு வரைபடத்தை அவர்களிடம் கொடுங்கள்.